ஒரு பிடி சலவை சோடா

சிறைச்சாலை
1947 பிப்ரவரி 2

அக்கா ஹன்னாவுக்கு, தம்பி எபன் எழுதுவது.

இங்கே நான் உயிரோடு, கைகால் விளங்கத்தான் இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தான் என்மேல் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருப்பார், இருந்தாலும் அவர் சுகத்தையும் விசாரித்ததாகச் சொல்.

பதினைந்து நாளைக்கு ஒரு தாள்தான் கொடுக்கிறார்கள். எழுதியதை அதிகாரி படித்த பிறகுதான் தபாலுக்குப் போகும். தீர்ப்பு ஒன்பது மாதம். வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தால் மூன்று மாதத்தைத் தள்ளுபடி செய்வார்களாம், அப்படியென்றால் ஜூலை பதினைந்தாம் தேதி வெளியே வந்துவிடுவேன். பெரிய வீட்டுத் தோப்பில் நாலு முயல் பிடித்ததற்கு இவ்வளவு இல்லை. வேட்டைக் காவலன் மூக்கில் ஒரு குத்து விட்டேனே, அதற்குத்தான். குத்தியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் ரோவனைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினான் அக்கா. நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டா இருப்பேன்?

ரோவன் எப்படி இருக்கிறான்? கட்டிப் போடாதே. அப்பன் கிரேஹவுண்ட், ஓடப் பிறந்தவன். அம்மா மந்தை நாய், யோசிக்கப் பிறந்தவள். இந்த மாதிரிக் கலப்பில் பிறந்த லர்ச்சர் நாயைக் கட்டிப் போட்டால் முதலில் கயிற்றைத் தின்னும், அப்புறம் கதவைத் தின்னும். பேசினால் போதும், கேட்டுக்கொள்வான்.

கடற்கரைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பிரவுன்லீ, தீர்ப்பு அன்று கோர்ட்டுக்கே வந்தார். "எபன், வெளிய வந்ததும் நேரா எங்கிட்ட வா. முயல் என் பயிரத் தின்னே தீர்க்குது. சம்பளம் தரேன், வீடும் தரேன். ஆனா அந்த நாயோட வரணும். நாயில்லாம உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். முப்பத்தெட்டு வயதில் சட்டப்படி முயல் பிடிக்க ஒரு வேலை. நான் மனுஷனாவது இனி ரோவன் கையில்தான் இருக்கிறது. ஜூலை வரைக்கும் அவனைப் பத்திரமாக வைத்திரு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உன் எபன்


கிரேஹோப் பண்ணை
1947 பிப்ரவரி 23

என் தம்பி எபனுக்கு, அக்காவின் ஆசிகள்.

மூட்டுவலியைக் கேட்டாய். அது என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. அத்தானுக்கு இடது காலில் பழைய குடைச்சல், மற்றபடி சுகம். நீ போர்வை சரியாகப் போர்த்திக்கொள்கிறாயா?

உன் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. ரோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கல்சுவர்கள் எல்லாம் பனிக்குள் போய்விட்டன. பக்கத்துப் பண்ணை டெல்ஃபர் வீட்டில் மாடி ஜன்னல் வழியாக வெளியே வருகிறார்களாம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை.

உன் நாயைக் கொண்டுவந்த முதல் நாளே அத்தான் குதித்தார். "ஆட்டுப் பண்ணைக்குள்ள திருட்டு நாயக் கொண்டாந்து விட்டிருக்கான் உன் தம்பி. அது ஒரு ஆட்ட ஏறிட்டுப் பாத்தாலும் சுட்டுப் போட்ருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே.

இப்போது கேள். பனி மூடி எங்கள் ஆடுகள் கூட்டம் கூட்டமாகப் புதைந்துபோயின. அத்தானும் அவருடைய மெக்கும் இரண்டு நாள் தேடினார்கள். மெக் பந்தயத்தில் கோப்பை வாங்கிய மந்தை நாய், ஆனால் அதற்கும் திணறல். மூன்றாம் நாள் உன் ரோவன் தானாகவே பின்னால் போனது. வெறும் பனிமேட்டில் ஓரிடத்தில் நின்று காலால் பிறாண்டியது. "போடா அந்தப் பக்கம், முயல் வளையாயிருக்கும்" என்று அத்தான் விரட்டினார். நகரவில்லை. சரி, பார்ப்போம் என்று தோண்டினால் ஐந்து ஆடு, உயிரோடு! அந்த வாரத்தில் மட்டும் இருபத்து மூன்று ஆட்டைக் காட்டிக்கொடுத்தது. அன்று சாப்பிடும்போது அத்தான் மேசைக்கு அடியில் ரொட்டித் துண்டை நீட்டினார். நான் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. ரேஷனில் வருவது எங்களுக்கே போதவில்லை, ஆனாலும் ஏதோ பார்த்துப் போடுகிறேன். எலும்பும் தோலுமாக உன்னிடம் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

உன் அக்கா
ஹன்னா


சிறைச்சாலை
1947 மார்ச் 9

அக்காவுக்கு, நலம். அங்கே நீங்கள் பனியோடு மல்லுக்கட்டும்போது நான் சூடான கஞ்சி குடிக்கிறேன் என்று நினைக்காதே, கஞ்சியும் இங்கே ஆறித்தான் வருகிறது. அத்தான் காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துவிடு.

உன் கடிதத்தை என்னுடன் இருக்கும் சுரங்கத்துக்காரனுக்குப் படித்துக் காட்டினேன். "இருபத்து மூணு ஆடா? உன் நாயத்தான் வெளிய விட்டு உன்னை உள்ள வச்சது சரிதான்" என்றான். அன்றைக்கு நான் சிரித்த மாதிரி இங்கே வந்த பிறகு சிரித்ததில்லை. அத்தான் கையால் ரொட்டி! அவனுக்குள் இருக்கும் மந்தை நாயை அத்தான் கண்டுகொண்டார்.

ஒன்றே ஒன்று. "ஏதோ பார்த்துப் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, என்ன போடுகிறாய்? உருளைக்கிழங்குத் தோல் போடு, கஞ்சித் தண்ணீர் ஊற்று. ஒருநாள் பட்டினி கிடந்தாலும் செத்துவிடமாட்டான். பச்சை ஆட்டுக்கறி ருசியை மட்டும் காட்டிவிடாதே. இந்த வருஷம் செத்த ஆடு எத்தனையோ கிடக்கும், கை அரிக்கும். மந்தைக்காரர் பெண்டாட்டிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் எபன்


கிரேஹோப் பண்ணை
1947 ஏப்ரல் 6, ஈஸ்டர் ஞாயிறு

அன்புத் தம்பிக்கு, பண்டிகை நாளில் உன்னை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எல்லாரும் சுகம். நீ இளைத்துவிட்டாயாமே, போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த பாதிரியார் சொன்னார். வெளியே வந்ததும் உன்னைத் தேற்றுவது என் வேலை.

பனி உருகி ஒரே வெள்ளம். உருகின பிறகுதான் நாங்கள் எதை இழந்தோம் என்று தெரிந்தது. நானூற்று முப்பது தாயாட்டில் நூற்றெழுபதுதான் மிச்சம். அத்தான் எண்ணிவிட்டு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். பண்ணை முதலாளிக்கு எங்கள்மேலேயே சந்தேகம். செத்த ஆட்டை ஒன்றுவிடாமல் எண்ணிப் புதைக்க வேண்டுமாம், ஒரு கால் குறைந்தாலும் கேள்வி வருமாம். அவர் போ என்றால் வேலையோடு வீடும் போகும், பண்ணை வீடுதானே. இருக்கிற ஆடுகள் இப்போது குட்டி போட ஆரம்பித்திருக்கின்றன. அதிலும் பாதி சாகின்றன, தாய்க்குத் தெம்பில்லை.

இது போதாதென்று டெல்ஃபரின் இரண்டு ஆடுகளை ஏதோ நாய் கடித்துக் கொன்றுவிட்டது. பள்ளத்தாக்கில் எல்லாரும் எல்லார் நாயையும் முறைத்துப் பார்க்கிறார்கள்.

ரோவன் நன்றாக இருக்கிறது. முதுகில் சதை பிடித்திருக்கிறது. நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுத இந்தத் தாள் போதாது.

அக்கா ஹன்னா


(எழுதி, அனுப்பாமல், மாவுப் பெட்டிக்கு அடியில் வைத்தது)

கிரேஹோப்
1947 ஏப்ரல் 27

எபன்,

நலமா என்று கேட்கக்கூடக் கை வரவில்லை.

ரோவன் செத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை.

அன்றைக்கு விடிவதற்குள் டெல்ஃபரின் ஆடுகள் நான்கு கடிபட்டுக் கிடந்தன. அதில் இரண்டு சினை. அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் முற்றத்துக்கு வந்தார். கையில் காகிதம், அதில் ஒரு பிடி சலவை சோடா. "ஆடம், உன் மச்சான் நாயக் கூப்பிடு. அதுல தொடங்குவோம்" என்றார் அத்தானிடம்.

நம் மலை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. சந்தேகப்பட்ட நாயின் தொண்டையில் சோடாக் கட்டியை இறக்குவார்கள். வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆட்டு ரோமம் இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த நாயைப் பார்ப்பார்கள். இருந்தால், நாய்க்குப் பொறுப்பானவனே சுட வேண்டும். அந்த இடத்திலேயே.

அத்தான்தான் வாயைப் பிளந்து போட்டார். ரோவன் முரண்டு பிடிக்கவே இல்லை, மருந்து என்று நினைத்திருப்பான். இரண்டு நிமிஷத்தில் வாந்தி எடுத்தான். அதில் ரோமம் இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் போட்டது. பிப்ரவரியிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தேன் எபன். நீ எழுதும் முன்னாலும், எழுதின பிறகும். வீட்டில் மாவில்லை. அது வாசலில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்து மூன்று ஆட்டைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நான் உருளைக்கிழங்குத் தோலைப் போடவா? முந்தின நாள் சாயங்காலம்கூட, குட்டி போடும்போது செத்த ஆடு ஒன்று சுவரோரம் கிடந்தது, தொடையை அறுத்துத் தோலோடு போட்டேன்.

"நான்தான் போட்டேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அத்தான் என் முகத்தையே பார்த்தார். டெல்ஃபரும் பார்த்தார். சொன்னால் முதலாளி காதுக்குப் போகும், புதைக்க வேண்டிய ஆட்டை நாய்க்கு அறுத்தவள் என்று வீட்டை விட்டே இறக்கிவிடுவார், ஐம்பத்தாறு வயதில் அந்தக் காலை வைத்துக்கொண்டு அத்தான் எங்கே போவார்? இதெல்லாம் பிறகு நான் ஜோடித்த நியாயம். அந்த நேரத்தில் பயந்தேன். பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் உண்மை.

அத்தான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு "வாடா" என்றார். பனியில் ஆடு தேடக் கூப்பிடும்போது போவானே, அப்படியே வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் போனான்.

இதை எப்படி உனக்கு அனுப்புவேன்? அங்கே அதிகாரி படிப்பார். நீ அந்த அறையில் யாரிடம் போய் அழுவாய்?


கிரேஹோப் பண்ணை
1947 ஏப்ரல் 28

அன்புத் தம்பி எபனுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன். ஆடுகள் குட்டி போட்டு முடியப்போகின்றன, வேலை தலைக்குமேல் இருப்பதால் நாலு வரியோடு நிறுத்துகிறேன்.

ரோவன் மிக நலம். தபால்காரர் வந்தால் போதும், சந்தோஷம் தாங்காமல் குரைத்து ஊரைக் கூட்டுகிறது.

வெயில் வர ஆரம்பித்துவிட்டது. ஜூலை சீக்கிரம் வந்துவிடும்.

உன் அக்கா
ஹன்னா


சிறைச்சாலை
1947 மே 18

அக்காவுக்கு, எபன்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நான் நலம். உன் கைகால் வலி குறைந்ததா?

போன சில முறை தாள் கொடுத்தபோது எழுத ஒன்றும் இல்லாததால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இங்கே தபால் பைகள் தைக்கிறோம். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்று குறைந்தால் பிரித்துத் தைக்க வேண்டும். என் விரல் காய்த்துவிட்டது. சுரங்கத்துக்காரன் விடுதலையாகிப் போய்விட்டான், அவன் குறட்டை இல்லாமல் தூங்கப் பழக வேண்டியிருக்கிறது. முற்றத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறோம்.

அத்தான் கால் எப்படி? மெக்கை இந்த வருஷமும் பந்தயத்துக்கு விடுகிறாரா? உன் கோழிகள் எல்லாம் பனியில் போய்விட்டனவா, ஏதாவது மிஞ்சினவா?

எழுது.

எபன்


கிரேஹோப் பண்ணை
1947 ஜூன் 8

தம்பி எபனுக்கு அக்காவின் அன்பு.

நாங்கள் சுகம். கோழி நான்கு தப்பித்தது, அதில் ஒன்று சேவல், அதனால் சந்ததிக்குக் குறைவில்லை. அத்தான் கால் பரவாயில்லை. ஆனால் ஆள் முன்போல இல்லை, சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். நான் என்ன கேட்டாலும் "ம்" என்கிறார். பந்தயத்துக்கு மெக்கை விடவில்லையாம். காரணம் கேட்டால் அதற்கும் ஒரு "ம்".

நீ இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்ததில் நான் பயந்தே போனேன். உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். எழுதின கடிதத்திலும் கோழியைக்கூடக் கேட்டிருக்கிறாய், ரோவனைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாயா என்ன? நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது.

பிரவுன்லீயைச் சந்தையில் பார்த்தேன். உனக்காக வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாராம். "எபனும் நாயும் வர்ற நாளக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் ஒரு சுவரோரம் உட்கார்ந்து எழுந்துதான் வர முடிந்தது. வெயில்.

உன் அக்கா
ஹன்னா


சிறைச்சாலை
1947 ஜூன் 22

அக்காவுக்கு, நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பிரவுன்லீயிடம் போய் நான் வரவில்லை என்று சொல்லிவிடு. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். நல்ல மனுஷர், காக்க வைக்கக் கூடாது. காரணம் கேட்டால், தெரியாது என்று சொல். நாயைப் பற்றிக் கேட்டால், நாய் என்னுடையது, குற்றமும் என்னுடையது என்று சொல்.

இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

எபன்


கிரேஹோப் பண்ணை
1947 ஜூலை 3

எபன்,

"குற்றமும் என்னுடையது" என்ற உன் வரியை அடுப்படியில் நின்று படித்தேன். கருகிக்கொண்டிருந்த சட்டியை இறக்கவும் தோன்றவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் நீ எதைத் தெரிந்து வைத்திருக்கிறாயோ அது பாதிதான். ஏப்ரலில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை முதலில் படி. அதிகாரியும் படிக்கட்டும், ஊரே படிக்கட்டும்.

படித்துவிட்டாயா?

இப்போது மிச்சத்தையும் கேள். போன வாரம் டெல்ஃபரின் மூன்று குட்டிகள் மறுபடி கடிபட்டன. ரோவன் போய் இரண்டு மாதம் ஆகிறது, அவன்மேல் இனி யார் பழி போடுவது? அத்தான் விடியற்காலையில் துப்பாக்கியோடு மேட்டுக்குப் போனார். வெயில் ஏறின பிறகு திரும்பி வந்தார். கோட்டைக் கழற்றி அதில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். மெக். டெல்ஃபரின் ஆடுகளுக்கு நடுவில் அதை அத்தான் கண்ணாலேயே பார்த்தாராம். கூப்பிட்டதும் ஓடி வந்து காலடியில் படுத்ததாம், வேலை முடித்து வந்த மாதிரி.

நல்ல மந்தை நாய் இப்படிக் கெட்டால்தான் தந்திரமாகக் கெடும் என்று சொல்வார்கள். சொந்த ஆட்டைத் தொடாது. நம் வீட்டிலேயே அது படுத்திருக்க, நான் உன் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தேன்.

அத்தானுக்கு நான் ஆட்டை அறுத்துப் போட்டது இன்னும் தெரியாது. சொல்ல வாயெடுப்பேன், அந்த முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடுவேன்.

உன் வேலையைக் கெடுத்தேன், உன் வீட்டைக் கெடுத்தேன். என்னைத் திட்டு எபன். உன் வாய்க்கு வந்ததை எல்லாம் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பாவி
ஹன்னா


துறைமுக விடுதி
1947 ஜூலை 20

அக்காவுக்கு,

நான் வெளியே வந்துவிட்டேன், உடம்பு சரியாக இருக்கிறது. மீன் பெட்டி தூக்குகிறேன். அதிகாரி படிக்காத முதல் கடிதம் இது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உள்ளே இருக்கும்போதே உன் கடிதம் வந்தது. தாள் கொடுத்தார்கள், எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ கேட்ட திட்டைத்தான் எழுதியிருப்பேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தயங்கினாயே. தபால்காரரைப் பார்த்து ரோவன் குரைப்பதாக எழுதினாய். அவன் குரைக்கவே மாட்டான் அக்கா. திருட்டு வேட்டைக்குப் போகிறவன் நாய் குரைத்தால் அடுத்த நிமிஷம் காவலன் வந்து நிற்பான். குட்டியிலேயே அதை அடக்கிவிட்டேன். மூன்று மாதம் வீட்டில் வைத்திருந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும், பதற்றத்தில் எல்லா நாயையும் போல எழுதிவிட்டாய் என்று புரிந்தது. முந்தின கடிதத்தில் டெல்ஃபர் ஆடு கடிபட்டதை எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், முடிந்தது.

ரோவனைப் பற்றிக் கேட்காமல் இருந்தது உனக்காக மட்டும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கையில் ஒன்றுமில்லாத குளிரில், டெல்ஃபர் மேட்டிலிருந்து ஓர் ஆட்டைத் தூக்கினேன். ரோவன்தான் மடக்கிப் பிடித்துக் கொடுத்தான். அவனுக்குள் இருந்த மந்தை புத்தியை நான் திருட்டுக்குத் திருப்பினேன். அந்த ருசியை நான் காட்டியதால்தான் அவன் கொலைகாரனானான், நானே அவனைச் சுட்டேன் என்று இரண்டு மாதம் தையல் போட்டுக்கொண்டே நினைத்தேன். அவன் குற்றமே செய்யவில்லை என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். செத்தவனை நான் திட்டாமலாவது இருந்திருப்பேன்.

இப்போது நான் எழுதப்போவது அத்தான் எழுதச் சொன்னது.

பதினைந்தாம் தேதி காலை சிறை வாசலில் அவர் நின்றிருந்தார். கோயில் கோட்டு, கையில் தொப்பி. கம்பளி விற்கப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாராம். "சாப்டியா?" என்றார். எதிரில் இருந்த தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோப்பையைத் தொடவில்லை.

"எபன், அன்னிக்கு டெல்ஃபர் வர்றதுக்கு முன்னாடியே நான் கொட்டில்ல பாத்தேன். மெக் வயிறு வரைக்கும் நனைஞ்சு கெடந்துச்சு. ஒரு வாரமா மழையில்ல. ஓடைல எறங்கிக் கழுவிட்டு வந்திருக்கு. நாப்பது வருஷம் நாய் வச்சு மேய்க்கிறவனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியாதா?"

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ரோவன் கக்குன ரோமத்துல செவப்பு மை இருந்துச்சு. டெல்ஃபர் அடையாளத்துக்கு ஆட்டுத் தொடைல நீலம்தான் பூசுவான். செவப்பு நம்மளுது. நம்ம செத்த ஆட்டத் தின்னுருக்கு, வேறொண்ணும் பண்ணல. டெல்ஃபர் குனியறதுக்குள்ள அந்த ரோமத்தப் பூட்ஸால மிதிச்சு மண்ணோட தேச்சுட்டேன்."

"ஏன் அத்தான்?"

"ரோவன விட்டுட்டா அடுத்தது மெக்குக்குத்தானே சோடா."

அடிக்க வேண்டும் போல் இருந்தது அக்கா. ஒரு மூக்கைக் குத்திவிட்டு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்கக்கா அறுத்துப் போட்டதும் எனக்குத் தெரியும்" என்றார். "சொவரோரம் கெடந்த ஆட்டுத் தொடையக் கத்தியால அறுத்திருந்துச்சு. நரி என்ன கத்தியா வச்சிருக்கு? அவ சொல்லிருவான்னு அவ மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். அவ மட்டும் வாயத் தெறந்திருந்தா, நானும் மெக்க வெளிய கொண்டாந்திருப்பேன், ஆண்டவன் சத்தியமா. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கு அப்ப நிம்மதியா இருந்துச்சு எபன். அந்த நிம்மதி இருக்கே, அதுதான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது."

பிறகு, "ஒரே மேசைலதான் உக்காந்து சாப்பிடுறோம். அவகிட்ட இதச் சொல்ல எனக்கு வாய் வரல. நீ எழுதிரு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை அவர் காலை இழுத்து இழுத்து நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுதிவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் இனியாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுங்கள். என்னை வரச் சொல்லாதே, இப்போது என்னால் முடியாது. உன்மேல் எனக்குப் பாசம் போகவில்லை, கோபமும் போகவில்லை. இரண்டும் இருக்கின்றன.

குளிர்காலத்துக்கு முன் உன் மூட்டுக்கு ஏதாவது வைத்தியம் பார்.

அத்தானிடம் ஒன்றைக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். ரோவனை எங்கே புதைத்தீர்கள்? பதிலில் அதை மட்டும் எழுது, போதும்.

எபன்